முகம் இருக்கும் ஆமை... முகம் இல்லாத பவளம்... ஒரே பங்குனியில் இரண்டு உயிர்ப் போராட்டம்!

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய ஊர் இது. ஆனால், ஜனவரி பிறந்துவிட்டால் போதும், சென்னையில் ஒரு கூட்டம் ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டு, ‘ஆமை எப்போது வரும்?’ என்று கடற்கரையில் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர், ஈர மணலில் நடை. கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடும் குழந்தைகள் என்று கலவையான கூட்டம். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அதிர்ஷ்டம் இருந்தால், விடியற்காலைக்குள் ஓர் அம்மா ஆமையைப் பார்த்துவிடலாம்.

அதே நாள்களில், அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தெற்கே, தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில் இன்னொரு பிரசவம் நடக்கிறது. மார்ச் மாதத்தில், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், கடலுக்கு அடியில் இருக்கும் பவளங்கள் கடுகு அளவு உருண்டைகளைத் தண்ணீரில் விடுகின்றன. அதைப் பார்க்கக் காத்திருக்கும் கூட்டம் எதுவும் இல்லை. காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கும் நான்கைந்து ஆராய்ச்சியாளர்கள் பார்த்தால் உண்டு.

இரண்டுமே உயிருள்ள விலங்குகள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-ல் புலி, யானைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அதே இடம் இந்த இரண்டுக்கும் இருக்கிறது. ஆனால், ஒன்று செத்தால் தலைப்புச் செய்தி. இன்னொன்று செத்தால் நமக்குத் தெரிவதே இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, அது ஏன் நம் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும் விஷயம் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

கல் இல்லை, விலங்கு!

முதலில் பவளத்தைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘பவளம்’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்தான். செவ்வாய் தோஷத்துக்கு ஜோதிடர் எழுதிக்கொடுக்கும் அந்தப் பவளம், பெரும்பாலும் மத்திய தரைக்கடலின் ஆழத்தில் வளரும் வேறு வகை. நம் மன்னார் வளைகுடாவில் இருப்பது பவளப்பாறைகளைக் கட்டும் வகை. மோதிரத்துக்கு ஆகாது. இலங்கைத் தமிழில் இதன் கல்லுக்கு ‘முருகைக்கல்’ என்று பெயர்.

பாறை என்று சொன்னாலும், இது பாறை இல்லை. குண்டூசித் தலையில் இருந்து சட்டைப் பொத்தான் வரையிலான அளவில், மென்மையான உடம்பும், நடுவில் ஒரு வாயும், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன விரல்களும் கொண்ட ஆயிரக்கணக்கான உயிரிகள் ஒட்டிக்கொண்டு வாழும் காலனி அது. ஒவ்வொன்றும் தனக்குக் கீழே சுண்ணாம்பில் ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கிண்ணங்கள் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் ‘பாறை’. மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோரா வகை, ஆண்டுக்கு சுமார் 10 சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டைப் பாறை போல இருக்கும் போரைட்டிஸ் வகையோ, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒரு ஆள் உயரப் பவளத்தைப் பார்த்தால், அதற்கு உங்கள் கொள்ளுத்தாத்தாவின் வயது இருக்கலாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்யும்? இதில்தான் சுவாரஸ்யம். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சமைத்துப் போடுவது போல, இந்தப் பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்குத் தருகின்றன. பவளத்துக்குத் தேவைப்படும் ஆற்றலில் 90 சதவிகிதம் வரை இப்படித்தான் கிடைக்கிறது. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களும் இந்தக் குடித்தனக்காரர்கள் கொடுத்ததுதான்.

பங்குனி விருந்தாளி

ஆமையின் கதை நமக்குக் கொஞ்சம் பழக்கமானது. தமிழகக் கரைக்கு அதிகம் வருவது ஆலிவ் ரிட்லி. நம் மீனவர்கள் சொல்லும் பெயர் பங்குனி ஆமை. இரண்டு அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், 35 முதல் 45 கிலோ எடை. கடல் ஆமைகளிலேயே சின்ன வகைகளில் ஒன்று.

கரையேறும் பெண் ஆமை, அலை எட்டாத உயரத்துக்கு மெள்ள ஊர்ந்து போகிறது. பின்னங்கால் துடுப்புகளால், பானை வடிவத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்கிறது. அதில் பிங்பாங் பந்து போன்ற முட்டைகளை இடுகிறது. எண்ணிக்கை 100 முதல் 120 வரை. பிறகு மணலை மூடி, தன் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, ‘தொம்... தொம்’ என்று மணலைத் தட்டி இறுக்குகிறது. பார்ப்பவர்களுக்கு அது நடனம் போலத் தெரியும். முட்டையிடும்போது அதன் கண்ணில் இருந்து நீர் வழியும். ‘பிரசவ வலியில் அழுகிறது’ என்று கூட வரும் குழந்தைகளுக்குக் கண் கலங்கிவிடும். உண்மையில், கடல் நீரைக் குடித்துச் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது. ஆனால், ஆமையின் மேல் ஊருக்கே பாசம் வந்ததில் அந்தக் கண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அம்மா திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். அடைகாக்கும் வேலை மணலின் சூட்டுக்கு. 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளியே வரும்.

பவளத்தின் பிரசவத்தில் இப்படி ஒரு ‘அம்மா’ கிடையாது. அக்ரோபோரா போன்ற வகைகளில் ஆணும் பெண்ணும் ஒரே உடம்புதான். முட்டையும் விந்தும் சேர்ந்த இளஞ்சிவப்பு உருண்டைகளை, அக்கம்பக்கத்துக் காலனிகள் எல்லாம் சொல்லிவைத்தது போல ஒரே இரவில் விடுகின்றன. மேலே மிதந்து வந்து உருண்டைகள் உடைகின்றன. ஒரு காலனியின் முட்டையும் இன்னொரு காலனியின் விந்தும் சேர்கின்றன. பிறந்த லார்வா சில நாள்கள் மிதந்துவிட்டு, சுத்தமான, கெட்டியான ஓர் இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம்தான் ஆயுளுக்கும். வண்டலோ பாசியோ மூடிய இடம் என்றால் அங்கேயே முடிந்தது கதை.

இந்த இடத்தில்தான் இரண்டு விலங்குகளின் தலைவிதியும் பிரிகிறது. ஆமை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தும். அதன் ஆபத்து, அது போகும் வழியில் இருக்கிறது. பவளம் ஓர் அங்குலம்கூட நகராது. அதன் ஆபத்து, அது இருக்கும் இடத்தைத் தேடி வருகிறது.

2025 ஜனவரி: கரை ஒதுங்கிய உடல்கள்

2025 ஜனவரியில் சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் காலை நடைப்பயிற்சிக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் என்று நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பிரேதப் பரிசோதனைகள் காட்டிய முக்கியக் காரணம், நீரில் மூழ்கி மூச்சுத்திணறல்.

கடல் ஆமை கடலில் மூழ்கிச் சாகுமா? சாகும். அதற்கு மீன் போலச் செவுள் இல்லை, நம்மைப் போல நுரையீரல்தான். அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இழுவலையை ஒரு முறை போட்டால் இரண்டு, மூன்று மணி நேரம் இழுத்த பிறகுதான் மேலே எடுப்பார்கள். உள்ளே மாட்டிய ஆமை தப்பிக்கத் துடிக்கும். துடிக்கத் துடிக்க ஆக்ஸிஜன் சீக்கிரம் தீரும். முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழகத்தில் கரையில் இருந்து 5 கடல் மைல் தூரத்துக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் சுற்றுவதும் பெரும்பாலும் இந்தக் கரையோரப் பகுதியில்தான். ஆனால், இறால் கிடைப்பதும் இங்கேதான் என்பது சிக்கல். டீசல் விலை ஏற ஏற, ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பும் செலவை நினைத்துக் கரையோரமாகவே வலையை இறக்கும் ஆசை வருகிறது. திருக்கை வலை, செவுள் வலைகளிலும் ஆமைகள் மாட்டுவது உண்டு. மாட்டிய ஆமையை எடுக்க வலையை அறுத்துவிடும் சிறு மீனவரும் நம் கரையில் இருக்கிறார். அறுந்த வலைக்கு அவர்தான் தன் பையில் இருந்து செலவழிக்க வேண்டும்.

வலையிலேயே ஒரு தீர்வும் இருக்கிறது. இழுவலையின் கழுத்துப் பகுதியில் கம்பிகள் கொண்ட ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதன் அருகில் ஒரு திறப்பு வைத்துவிடுவார்கள். இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பைக்குப் போகும். ஆமை சட்டத்தில் மோதித் திறப்பு வழியாக வெளியேறிவிடும். ‘ஆமை விலக்கி’ என்று இதைச் சொல்லலாம். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம், நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரி ஒன்றை வடிவமைத்தும் கொடுத்திருக்கிறது. ‘ஆமையோடு மீனும் அந்த வழியாகப் போய்விடுமே’ என்பது படகுக்காரர்களின் கவலை. இதைப் பொருத்தாத காரணத்தால்தான் இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாக வாங்குவதில்லை. ஆக, நஷ்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. அது வேறு கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது. சென்னையில் ஆமை முட்டைகளைக் காப்பாற்றும் வேலை 1970-களிலேயே ராமுலஸ் விட்டேகர் போன்றவர்களால் தொடங்கிவிட்டது. 1988 முதல் மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்ந்து செய்கிறது. நாய், நரி, மனிதர் கையில் சிக்காமல் முட்டைகளை எடுத்துவந்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள். வனத்துறையும் பல மாவட்டங்களில் பொரிப்பகம் நடத்துகிறது. மாநிலம் முழுக்க ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலுக்குப் போகின்றன. மகிழ்ச்சியான எண்தான்.

ஆனால், ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவான மதிப்பீடு. ஒரு கூட்டில் நூறு குஞ்சு என்றால், ஒரே ஒரு பெரிய ஆமை உருவாகப் பத்துக் கூடுகள் வேண்டும். அதுவும் முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். வலையில் மூச்சடங்கிய ஒவ்வொரு ஆமைக்குப் பின்னாலும், தன்னார்வலர்கள் தூக்கம் கெட்டுச் சுமந்த பத்துக் கூடுகளின் உழைப்பு இருக்கிறது. குஞ்சு விடும் விழாவில் செல்ஃபி எடுப்பது தப்பில்லை. அதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு.

தடைக்காலம் யாருக்கு?

நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கத்துக்காகப் போடப்பட்ட தடை இது.

காலண்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பங்குனி ஆமைகள் கரைக்கு வருவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போதுதான் தடைக்காலம் தொடங்குகிறது. அதாவது, கடைசி அம்மா ஆமைகளும் ஏறக்குறைய வந்து போன பிறகு, கடல் அமைதியாகிறது. ஆமைக்கு அந்த 61 நாள்களால் பெரிய பயன் இல்லை. அதனால்தான் ஆமை சீஸனில் தனியாக ரோந்து, தனியாகக் கண்காணிப்பு என்று வனத்துறையும் மீன்வளத்துறையும் கடலோரக் காவல்படையும் ஓட வேண்டியிருக்கிறது. 5 கடல் மைல் விதியை ஜனவரி முதல் நான்கு மாதங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பாதிக் கிணறு தாண்டியதுபோல.

பவளத்துக்கு? அதற்குத் தடைக்காலம் சரியான நேரத்தில்தான் வருகிறது. வலை ஓய்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் பவளத்தின் மேல் பெரிய இடி விழுகிறது. அந்த இடி வலையில் இருந்து வருவதில்லை.

காப்பாற்றிய பிறகும் செத்துப்போன பவளம்

மன்னார் வளைகுடாப் பவளத்தின் கதையில் மனதை உலுக்கும் பகுதி இதுதான்.

ஒரு காலத்தில் இங்கே பவளப்பாறைகளை வெட்டி எடுப்பது தொழில். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, வீடு கட்டப் போனது. படகு படகாக ஏற்றினார்கள். 1986-ல் இங்கிருக்கும் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் வெட்டுவது முழுசாக நிற்கவில்லை. தொடர்ந்து பவளம் வெட்டியதில் தீவுகளுக்கு இருந்த இயற்கைத் தடுப்புச் சுவரே போனது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். தூத்துக்குடிக்கு அருகில் இருக்கும் வான் தீவு, பழைய அளவில் ஒரு துண்டாகக் கரைந்து நிற்கிறது.

2001-ல் பாறைகட்டும் பவளங்கள் அட்டவணை 1-க்கு வந்தன. வெட்டினால் சிறை. கெடுபிடி அதிகமாகி, அடுத்த சில ஆண்டுகளில் பவளம் வெட்டும் தொழில் ஓய்ந்தது. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்தப் பாறைகளைத் தொடர்ந்து கடலுக்கு அடியில் போய் அளந்துவருகிறார்கள். 2005-ல் 37 சதவிகிதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 2009-ல் கிட்டத்தட்ட 43 சதவிகிதமாக உயர்ந்திருந்தது. விட்டுவைத்தால் போதும், தானே எழுந்துகொள்ளும் என்று பவளம் நிரூபித்த நான்கு ஆண்டுகள் அவை.

2010 கோடையில் கடல் சூடானது. பரப்பு 33 சதவிகிதமாகச் சரிந்தது. மறுபடி மெள்ள ஏறி 39-ஐத் தொடும்போது, 2016 கோடை. கடல் நீரின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. சில மாதங்களில் உயிருள்ள பவளம் 38.9 சதவிகிதத்தில் இருந்து 22.7-க்கு இறங்கிவிட்டது. வேகமாக வளரும், மீன்குஞ்சுகளுக்கு அதிகம் இடம் கொடுக்கும் மான்கொம்புப் பவளங்கள்தான் முதலில் போயின. உருண்டைப் பவளங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

வெட்டியவர் யாரும் இல்லை, வலை போட்டவரும் இல்லை. தேசியப் பூங்காவுக்குள், சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் இருந்தபோதே நடந்த சாவு அது.

நடப்பது இதுதான். கடல் நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி அதிகமாகி, சில வாரங்கள் அப்படியே நீடித்தால் போதும். உள்ளே குடியிருக்கும் பாசிகள் நச்சைச் சுரக்கத் தொடங்குகின்றன. பவளம் வேறு வழியில்லாமல் அவற்றை வெளியே தள்ளுகிறது. நிறம் போய்விடுகிறது. கண்ணாடி போன்ற உடம்பின் வழியாகச் சுண்ணாம்பு எலும்பு வெள்ளை வெளேர் என்று தெரிகிறது. ‘வெளிறுதல்’ என்று சொல்வது இதைத்தான். அப்போதும் பவளம் உயிரோடுதான் இருக்கும், பட்டினியாக. சீக்கிரம் கடல் குளிர்ந்தால் பாசிகள் திரும்பி வரலாம். தாமதமானால், வெள்ளை எலும்பின் மேல் அழுக்குப் பச்சையாகப் பாசி படரும். அதுதான் இறுதிச் சடங்கு.

மன்னார் வளைகுடாவில் மட்டும் நடப்பது இல்லை இது. 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு, உலகின் நான்காவது பெரும் பவள வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி, பாறைகட்டும் பவள இனங்களில் 44 சதவிகிதம் அழிவின் அச்சுறுத்தலில் இருக்கின்றன. அதே சங்கத்தின் பட்டியலில் பங்குனி ஆமைக்கு இருப்பது ‘அழிய வாய்ப்புள்ளவை’ என்ற நிலை. ஒடிசாவின் ருஷிகுல்யா கரையில் 2025-ல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் முட்டையிட வந்தன. இனமாகப் பார்த்தால் ஆமைக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. மான்கொம்புப் பவளத்தின் நிலைமை அதைவிட மோசம். நம் பாசமோ நேர்மாறாக ஓடுகிறது.

சூடு ஆமையையும் விடவில்லை

‘அப்போ ஆமைக்கு வலை, பவளத்துக்கு வெயில்’ என்று கோடு போட்டுப் பிரித்துவிடவும் முடியாது. ஆமைக் குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பம். ஏறக்குறைய 29 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே போனால் ஆண்கள் அதிகம், மேலே போனால் பெண்கள் அதிகம். இன்னும் சூடானால் முட்டைக்குள்ளேயே வெந்துவிடும். பொரிப்பகங்களில் ஓலைக் கூரையோ துணியோ போட்டு நிழல் தருவது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப்பில் இந்த இரண்டு விலங்குகளின் கதையும் ஒரே இடத்தில் சந்திக்கிறது. அதன் வடக்குப் பகுதியில் 2016 வெயிலில் பவளங்கள் கூட்டம் கூட்டமாக வெளிறிச் செத்தன. அதே பகுதியில் பிறக்கும் பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், இளம் ஆமைகளில் 99 சதவிகிதத்துக்கும் மேல் பெண்கள் என்று தெரிந்தது. மாப்பிள்ளை கிடைக்காத ஊர்!

அதற்காகக் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆமைக் கூட்டுக்கு நிழல் போட முடியும். 560 சதுர கிலோமீட்டர் பூங்காவுக்குப் பந்தல் போட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பவளத்துக்கு மனிதர் கையால் செய்ய முடிந்ததும் ஒன்று உண்டு. 2002 முதல் தூத்துக்குடி ஆய்வாளர்கள், ஆரோக்கியமான பவளத்தில் இருந்து சிறு கிளைகளை எடுத்து, சிமென்ட் பலகைகளில் கட்டி, கான்கிரீட் சட்டங்களில் பொருத்திக் கடலுக்கு அடியில் நட்டுவருகிறார்கள். முருங்கைக் கொம்பு நடுவது மாதிரிதான். வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். அலையின் வேகம் அதில் உடைகிறது, மீன்களும் குடியேறுகின்றன. வெயிலைத் தாங்கி நின்ற பவளங்களில் இருந்து கிளை எடுத்தால் அடுத்த கோடையையும் தாங்குமா என்பதுதான் இப்போது உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

வெயில் தவிர மற்ற தொல்லைகளைக் குறைத்தால், பவளம் எழுந்துகொள்ள நேரம் கிடைக்கும். கழிவுநீர், வண்டல், அறுந்து மூழ்கிய வலை. மண்டபம் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி, குருசடைத் தீவில் தப்பிப் படர்ந்து பவளத்தைப் போர்வை போல மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூழ்கிய வலை மட்டும் இரண்டு விலங்குக்கும் பொது எதிரி. கடலில் மிதக்கும்போது ஆமையின் கழுத்தைச் சுற்றுகிறது. அடியில் இறங்கியதும் பவளத்தின் கிளையை ஒடிக்கிறது.

மீன் மார்க்கெட் வரை...

இத்தனையும் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? உலகக் கடல் தரையில் ஒரு சதவிகிதம்கூட இல்லாத பவளப்பாறைகளைத்தான், கடல் உயிரினங்களில் ஏறக்குறைய கால்வாசி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் வீடாகப் பயன்படுத்துகின்றன. களவா, கிளி மீன், சிங்கி இறால் என்று மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் பலவற்றுக்கும் பவள இடுக்குகள்தான் தாய்வீடு. பாறை செத்துக் கொஞ்ச நாளில் அந்த இடுக்குகளும் நொறுங்கிவிடும். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோர நாட்டுப்படகு மீனவருக்கு அது நேரடியாக வலையில் தெரியும். ஆமை குறைந்தால், அது தின்னும் சொறி மீன்களுக்குக் கொண்டாட்டம். அதுவும் வலையில்தான் தெரியும்.

அடுத்த முறை ராமநாதபுரம் பக்கம் போனால், வனத்துறையின் கண்ணாடித் தளப் படகில் குழந்தைகளைக் கூட்டிப்போய் பவளத்தைக் காட்டலாம். ‘கல்லு’ என்று அவர்கள் சொன்னால், நடுவில் வாய் இருக்கும் கதையைச் சொல்லுங்கள். கடையில் அலங்காரத்துக்கு என்று வெள்ளைப் பவளக் கொத்து விற்றால் வாங்க வேண்டாம். சட்டப்படி அது புலி நகம் வாங்குவது போன்ற குற்றம். சென்னைக் கரையில் இரவில் ஆமையைப் பார்த்தால், அதன் முகத்துக்கு நேராகப் போய் ஃபிளாஷ் அடிக்காமல், பின்பக்கமாகத் தள்ளி நின்று பாருங்கள். வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலேயே திரும்பிவிடும். குஞ்சுகளுக்கு இன்னும் மோசம். கடலின் மெல்லிய வெளிச்சத்தை நம்பி ஓட வேண்டியவை, தெருவிளக்கை நம்பிச் சாலைக்கு வந்துவிடுகின்றன. கரையோர வீடு, ஹோட்டல் வைத்திருப்பவர்கள் ஆமை சீஸனில் கடலைப் பார்த்த விளக்கை அணைத்துவைப்பதும் இதற்காகத்தான்.

இந்தப் பங்குனியில் பெசன்ட் நகர்க் கரையில் விடப்படும் ஒரு பெண் குஞ்சு, வலைகளைத் தாண்டிப் பிழைத்திருந்தால், முட்டையிட ஏதோ ஒரு கரைக்கு ஏறப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இதே பங்குனியில் தூத்துக்குடிக் கடலில் சிமென்ட் பலகையில் கட்டப்படும் விரல் நீளப் பவளக் கிளைக்கும் காலம் அதேதான். அதற்குள் அது, நகராமல் அதே இடத்தில் இருந்தபடி, பதினைந்து கோடைகளைப் பார்த்திருக்க வேண்டும்.